தண்டவாளம் இட்ட கைகள் எங்கே?

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட 'வெஸ்டர்ன்' திரைப்படங்களைக் கௌபாய் படங்கள் என்று அழைப்பது மக்கள் வழக்கு. அப்படங்களில் குதிரைக்கும் துப்பாக்கிக்கும் அடுத்த இடம் புகைவண்டிக்கு உரியது. வறண்ட வெளியின் விளிம்பில் கரும்புகை எழும். ஊதல் ஒலி காற்றைக் கிழிக்கும். மரப்பலகையால் ஆன சிற்றூர் நிலையத்தில் வண்டி வந்து நிற்கும். அதிலிருந்து இறங்குபவன் வீரனாக இருக்கலாம், கொலைஞனாக இருக்கலாம், ஊருக்குப் புதியவளான ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். இறங்கியவர்க்கெல்லாம் பெயர் உண்டு, கதை உண்டு. அவர்களைச் சுமந்து வந்த வண்டிக்குப் பாதை அமைத்தவர்க்கோ பெயரும் இல்லை, கதையும் இல்லை. மழைக்கு முளைத்த புல்லைப் போல், பாதை தானே முளைத்து மண்ணில் கிடக்கிறது!

இதனைச் சிறு குறை என்று தள்ளிவிடுவதற்கில்லை. உலகத்தாரின் கண்முன் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட ஒரு பொய்யின் வேர் இங்கேதான் இருக்கிறது. கலை என்னும் பட்டாடை போர்த்தப்பட்டிருப்பதால், அதனைப் பொய் என்று கூறப் பலரும் தயங்குகின்றனர். அத்தயக்கத்தை நீக்கி உண்மையை ஆராய்வது ஆசிரியப் பெருமக்களின் கடமை. அதனை அறிந்துகொள்வது மாணாக்கரின் உரிமை.

வரலாறு கூறுவது

1862 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், அதிபர் ஆபிரகாம் லிங்கன் பசிபிக் இருப்புப்பாதைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். கிழக்கே ஒமாஹாவிலிருந்து யூனியன் பசிபிக் நிறுவனமும், மேற்கே சாக்ரமெண்டோவிலிருந்து சென்ட்ரல் பசிபிக் நிறுவனமும் ஒன்றையொன்று நோக்கிப் பாதை இட்டுக்கொண்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மேட்டு நிலத்தில் 32,000 டாலர், மலைப்பகுதியில் 48,000 டாலர் என்னும் வீதத்தில் அரசு கடன்பத்திரங்களை வழங்கியது. அத்துடன் பாதையின் இருமருங்கிலும் பரந்த நிலங்களையும் அளித்தது. அந்நிலங்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்த ஷயான், லக்கோட்டா, அரப்பஹோ முதலிய பழங்குடி மக்களை ஒரு சொல் கேட்டவர் இல்லை. 1869 மே 10 ஆம் நாள், யூட்டா நிலப்பகுதியில் உள்ள புரோமண்டரி மேட்டில் இரு பாதைகளும் இணைந்தன. யூனியன் பசிபிக் இட்டது 1,086 மைல். சென்ட்ரல் பசிபிக் இட்டது 690 மைல்.

மைல் கணக்கை மட்டும் பார்ப்போர், பின்னது எளிய பணி என்று எண்ணக்கூடும். சென்ட்ரல் பசிபிக்கின் பாதையில் குறுக்கே நின்றது சியரா நெவாடா மலைத்தொடர். கருங்கல்லைக் குடைந்து பதினைந்து சுரங்கவழிகளை அமைக்கவேண்டியிருந்தது. அவற்றுள் நெடியதாகிய உச்சிச் சுரங்கம் 1,659 அடி நீளமுடையது. இரு முனைகளிலிருந்தும் குடைந்தால் காலம் போதாது என்று, மலையின் நடுவே கிணறு போல் ஒரு குழி இறக்கி, அதன் அடியிலிருந்தும் இருபுறமாகக் குடைந்தனர். உளியும் சம்மட்டியும் வெடிமருந்துமே கருவிகள். நாள் முழுதும் உழைத்தும் ஒரு முகப்பில் ஓரடி முன்னேறுவதே அரிதாயிருந்தது. பின்னர் நைட்ரோகிளிசரின் என்னும் கொடிய வெடிநீர்மத்தை அங்கேயே காய்ச்சிப் பயன்படுத்தினர். 1866-67 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வீடுயரத்துக்குப் பனி மூடிற்று. பனிக்கு அடியில் வழி தோண்டி, அதற்குள்ளேயே வாழ்ந்து வேலை செய்தனர். பனிச்சரிவில் புதையுண்டவர்களின் உடல்கள், வெயிற்காலத்தில் பனி உருகிய பின்னரே கிடைத்தன.

இவ்வாறு உழைத்தவர் யாவர்? சென்ட்ரல் பசிபிக் தொழிலாளருள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பதின்மர் சீனர். பெரும்பாலும் குவாங்துங் மாநிலத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள். வெள்ளையர்க்குச் சம்பளத்துடன் உணவும் உறைவிடமும் நிறுவனமே வழங்கிற்று. சீனர் தம் உணவைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். 1867 ஜூன் திங்களில் அவர்கள் ஆயிரக்கணக்கில் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு அமைதியாகக் குடிசைகளில் அமர்ந்தனர். கூடுதல் ஊதியமும் குறைந்த வேலை நேரமும் அவர்கள் வேண்டியவை. கட்டுமானப் பொறுப்பாளர் சார்லஸ் கிராக்கர் அதற்கு அளித்த மறுமொழி, மலை மேல் செல்லும் உணவுப் பொருள்களை நிறுத்தியதுதான். பசி, ஒரு வாரத்தில் வேலைநிறுத்தத்தை முறித்தது.

1869 ஏப்ரல் 28 ஆம் நாள், ஒரே நாளில் பத்து மைல் பாதை இட்டு அந்நிறுவனம் சாதனை புரிந்தது. அன்று தண்டவாளங்களைத் தூக்கி வைத்த எட்டு அயர்லாந்துக்காரரின் பெயர்களும் பதிவாகியுள்ளன. அவர்களுடன் உழைத்த சீனர் எவர் பெயரும் அப்பட்டியலில் இல்லை. பன்னிரண்டு நாள்களின் பின் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற இணைப்புவிழா நிழற்படத்திலும் சீனர் முகத்தைத் தேடிக் காண்பது அரிது. 1882 இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் நுழைவதையே தடுக்கும் சட்டம் வந்தது. அது நீக்கப்பட்டது 1943 இல். வேலை முடியும் வரை கை வேண்டும். முடிந்தபின் முகம் வேண்டா! இதுவே அந்நாட்டு முதலாளிகளின் நீதி.

திரை கூறுவது

திரைப்படக்கலை இந்த மறைப்பை அம்பலப்படுத்தியிருக்கலாம். மாறாக, அதற்கு மெருகேற்றியது.

1903 ஆம் ஆண்டு எட்வின் போர்ட்டர் இயக்கிய 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்னும் படம் பன்னிரண்டு நிமிட அளவே ஓடுவது. புகைவண்டிக் கொள்ளையைக் காட்டி உலகைக் கவர்ந்த அப்படம், மேற்கிலன்றிக் கிழக்குக் கரையில் உள்ள நியூஜெர்சியில் எடுக்கப்பட்டது. மேற்கு என்பது வரைபடத்தில் உள்ள ஓரிடம் என்பதைவிட, திரையில் சமைக்கப்பட்ட ஒரு கற்பனை என்பது தொடக்கத்திலேயே தெளிவாகிவிட்டது.

1924 இல் ஜான் ஃபோர்டு 'தி அயர்ன் ஹார்ஸ்', அதாவது 'இரும்புக் குதிரை' என்னும் பெரும்படத்தை அளித்தார். லிங்கனின் கனவாகத் தொடங்கிப் புரோமண்டரியில் நிறைவுறும் காவியம் அது. அதில் சீனர் கூட்டமாகத் தென்படுகின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் கதையை நடத்திச் செல்வோருள் ஒருவர்கூடச் சீனர் இல்லை. தந்தையைக் கொன்றவனைத் தேடும் இளைஞனுக்கும் அவன் காதலிக்கும் கிடைக்கும் இடம், மலையைப் பிளந்தவர்க்குக் கிடைக்கவில்லை. இணைப்புவிழாக் காட்சியில் நிற்பவை 1869 இல் நின்ற அதே இரண்டு இஞ்சின்கள் என்று அப்படம் எழுத்துப் போட்டு அறிவித்தது. உண்மை என்ன? அவற்றுள் ஒன்று 1903 இலும் மற்றொன்று 1909 இலும் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகிவிட்டன! இஞ்சின் உண்மையானது என்று நம்பவைக்க இத்துணை அக்கறை காட்டியவர்கள், மனிதர் உண்மையானவராக இருக்கவேண்டும் என்பதில் அக்கறை கொள்ளாததை என்னென்பது?

1939 இல் செசில் பி. டிமில் 'யூனியன் பசிபிக்' என்னும் படத்தை எடுத்தார். பெயரிலேயே தந்திரம் உள்ளது. கிழக்குப் பாதையை இட்டவருள் அயர்லாந்துக்காரரும் உள்நாட்டுப் போரிலிருந்து திரும்பிய வீரரும் மிகுதி. ஆகவே அந்நிறுவனத்தின் கதையைச் சொன்னால், சீனரைக் காட்டவில்லை என்று எவரும் குறை கூற இயலாது. எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும்போதே, எதை மறைப்பது என்பதும் தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. அதே படத்தில், பழங்குடியினர் தண்ணீர்த் தொட்டியைச் சாய்த்து வண்டியைக் கவிழ்க்கும் காட்சி உண்டு. 1867 ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் பிளம் கிரீக் அருகே ஷயான் மக்கள் ஒரு சரக்கு வண்டியைக் கவிழ்த்தது உண்மை நிகழ்ச்சியே. ஆயினும் அத்தகைய நிகழ்ச்சிகள் மிகச் சில. திரையிலோ அவை எண்ணற்றவை. அவர்கள் ஏன் கவிழ்த்தனர் என்னும் கேள்வியைத் திரை கேட்டதும் மிக அரிது. கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகள் அந்நூற்றாண்டின் எண்பதுகளின் முடிவில் ஆயிரத்துக்கும் குறைவாயின. தோலை ஏற்றிச் சென்றது புகைவண்டி. வேட்டைக்காரரை இறக்கிவிட்டது புகைவண்டி. ஓடும் வண்டியின் பலகணியிலிருந்தே சுட்டு மகிழ்ந்தவரும் உண்டு. ஒரு மக்களின் சோற்றுப்பானையை உடைத்தவன் வீரன், உடைபட்டவன் காட்டுமிராண்டி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான்.

நேர்மையான சில படங்கள்

எல்லாப் படங்களையும் ஒரே தராசில் நிறுப்பது நேர்மையாகாது. 1952 இல் ஃப்ரெட் ஸின்னமன் இயக்கிய 'ஹை நூன்' படத்தில் மூவர் நிலையத்தில் காத்திருக்கின்றனர். பழிவாங்க வரும் கொலைஞன் நண்பகல் வண்டியில் இறங்குவான். காவலதிகாரியாகிய வில் கேன் ஊராரிடம் துணை கேட்டு அலைகிறார், ஒருவரும் முன்வரவில்லை. கடிகாரம் நகர்கிறது, ஆளற்ற தண்டவாளம் அடிவானம் வரை நீண்டு கிடக்கிறது. இங்கே புகைவண்டி என்பது காலத்தின் வடிவம். இது வெறும் கற்பனையன்று. ஊருக்கொரு நேரம் இருந்த அமெரிக்காவில், 1883 நவம்பர் 18 ஆம் நாள் பொது நேரத்தைப் புகுத்தியவை இருப்புப்பாதை நிறுவனங்களே. அரசு அதனைச் சட்டமாக்கியது 1918 இல்தான்! கடிகாரத்தை ஊருக்குள் கொணர்ந்தது வண்டி என்னும் வரலாற்று உண்மை அப்படத்தின் உள்ளே உறைந்திருக்கிறது.

1962 இல் அதே ஜான் ஃபோர்டு 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' படத்தை எடுத்தபோது, முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் தாம் பாடிய புகழ்ப்பாட்டைத் தாமே ஐயுற்றார். வண்டியில் வந்திறங்கும் மூத்த அரசியல்வாதியின் புகழ், வேறொருவன் செய்த செயலின்மீது கட்டப்பட்டது. செயலைச் செய்தவனோ ஒரு பலகைப் பெட்டிக்குள் பெயரற்றுக் கிடக்கிறான். திரும்பும் வண்டியில் அந்த அரசியல்வாதி அமர்ந்திருக்கும்போது அவர் முகத்தில் படியும் வெட்கமே படத்தின் உயிர். அதே ஆண்டில் வந்த 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வொன்' படத்தின் ஒரு பகுதி, அரப்பஹோ மக்களுக்கு அளித்த வாக்கை இருப்புப்பாதைப் பொறுப்பாளன் மீறுவதைக் காட்டிற்று.

1968 இல் இத்தாலியராகிய செர்ஜியோ லியோனி 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' என்னும் படத்தில், பாதையின் பின்னால் இருந்த பணத்தையும் கொலையையும் வெளிப்படையாகக் காட்டினார். நடக்க இயலாத முதலாளி மார்ட்டன், பசிபிக் கடலைக் காணும் ஆசையுடன் பாதை இட்டுச் செல்கிறான். சேற்றுக் குட்டை ஒன்றின் கரையில் சாகிறான். இறுதிக் காட்சியில் ஜில் என்னும் பெண், பாதைத் தொழிலாளர்க்குத் தண்ணீர் கொண்டுவருகிறாள். தண்டவாளம் இடுவோருக்குத் தாகம் உண்டு என்பதை உணர்ந்த படம் அது. அங்கும் அவர்களுக்குப் பெயர் இல்லை என்பது வேறு. 1974 இல் மெல் புரூக்ஸ் எடுத்த 'பிளேசிங் சேடில்ஸ்' என்னும் நகைச்சுவைப் படம், கறுப்பினத்தவரும் சீனரும் வெயிலில் பாதை இடும் காட்சியுடன் தொடங்கியது. பெரும்படங்கள் ஓரத்தில் ஒதுக்கியதை முன்னே நிறுத்த ஒரு கேலிப்படம் வேண்டியிருந்தது!

மறுப்புகளுக்கு மறுமொழி

"திரைப்படம் பொழுதுபோக்கு, அதில் வரலாற்றைத் தேடலாமா?" என்று வினவுவோர் உளர். லிங்கனைக் காட்டி, நாள் குறித்து, இடம் குறித்து, இஞ்சினுக்குச் சான்று கூறி, வரலாறு என்று விளம்பரம் செய்தவர்கள் படமெடுத்தோரே. புகழ் கொள்ளும்போது வரலாறு, கணக்குக் கேட்கும்போது பொழுதுபோக்கு என்றால், அது எவ்வகை நீதி?

"கல்லுடைப்பவன் வாழ்வில் கதை ஏது? காண்போர் சலிப்படைவர்" என்பது இரண்டாவது மறுப்பு. பனிக்கடியில் வாழ்வு, கையில் வெடிநீர்மம், பட்டினி போட்டு முறிக்கப்பட்ட வேலைநிறுத்தம், திரும்பிச் செல்லாத மகனுக்காக ஊரில் காத்திருக்கும் தாய். இவற்றில் கதை இல்லையெனில், குதிரையேறிச் சுடுவதில் மட்டும் எங்கிருந்து வந்தது?

"இன்றைய அளவுகோலால் அன்றைய படங்களை அளக்கலாமா?" என்பது மூன்றாவது; கற்றோர் கூறுவது. அன்று உண்மை எவருக்கும் தெரியாதிருந்தால் இவ்வாதம் நிற்கும். சீனத் தொழிலாளர் இல்லையேல் மேற்குப் பகுதிப் பாதையைக் குறித்த காலத்தில் முடிக்க இயலாது என்று, சென்ட்ரல் பசிபிக் தலைவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு 1865 இலேயே அதிபருக்கு எழுதியனுப்பினார். முதலாளியே எழுதி வைத்த உண்மை, அறுபது ஆண்டுகளின் பின் வந்த படக்காரருக்கு எட்டாமற் போனது எப்படி? எட்டாமல் போகவில்லை, எட்டினால் காசாகாது என்று ஒதுக்கப்பட்டது.

திரையின் பொய் திரையோடு நிற்பதில்லை. 1969 மே 10 ஆம் நாள் புரோமண்டரியில் நூற்றாண்டு விழா நடந்தது. அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சர் ஜான் வோல்ப், மலையைக் குடைந்ததும் பனியில் உழைத்ததும் அமெரிக்கரே என்று பெருமிதத்துடன் உரையாற்றினார். அவையில் இருந்த சீன வழித்தோன்றல்கள் மனம் புண்பட்டனர். அப்பாட்டன்மார்க்கு அமெரிக்கக் குடியுரிமை பெறும் வழியே அன்று இருந்ததில்லை. அரசின் தொழிலாளர் துறை அச்சீனத் தொழிலாளரைத் தன் பெருமைக் கூடத்தில் ஏற்றியது 2014 இல். பாதை முடிந்து 145 ஆண்டுகள் கழிந்தபின்!

தமிழர்க்கு இதில் என்ன?

அமெரிக்கரும் சீனரும் பற்றிய வழக்கில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்று எவரேனும் கேட்பாராயின், அவருக்கு மலாயாத் தண்டவாளங்களே விடை கூறும். 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே முதல் வண்டி ஓடியது. அதன்பின் தீபகற்பம் நெடுகக் காடு வெட்டிப் பாதை இட்டவருள், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவர் மிகப் பலர்.

அதனினும் கொடியது சயாம்-பர்மா பாதை. 1942-43 இல் சப்பானியர் 415 கிலோமீட்டர் பாதையை மனித எலும்புகளின்மேல் இட்டனர். நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை வாங்கப்பட்டனர்; பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் அளவினர் என்றும், அவருள் மாண்டோர் தொண்ணூறாயிரம் அளவினர் என்றும் மதிப்பீடுகள் கூறுகின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவருள் பெருந்தொகையினர். கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் பெயர் பொறித்து வரிசையாக நிற்கின்றன. தமிழனுக்கு மதிப்பீடு மட்டுமே உண்டு, கணக்கெடுப்பு இல்லை.

1957 இல் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் படத்தை எடுத்தார். ஏழு ஆஸ்கார் விருதுகள் அதனை வந்தடைந்தன. பிரிட்டிஷ் அதிகாரியின் தன்மானப் போராட்டத்தை அது மிகச் சிறப்பாகக் காட்டிற்று. இலங்கையின் ஆற்றங்கரையில் படமாக்கப்பட்ட அக்கதையில், தோட்டத் தமிழனுக்கு இடமில்லை. சியரா மலையில் சீனனுக்கு நேர்ந்ததே குவாய் ஆற்றில் தமிழனுக்கும் நேர்ந்தது. நோய் ஒன்றே, நோயாளிதான் வேறு.

வெள்ளையர் மறைத்தனர் என்று குறை கூறும் நாவுக்கு மற்றொரு கேள்வியும் உண்டு. தமிழர் தம் கதையைத் தாமே எத்துணை எழுதினர்? ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற புதினங்கள் இந்நாட்டுத் தமிழ் இலக்கியத்துக்குக் கிடைத்த பேறு. அவற்றைக் கையால் தொட்ட மாணவர் எத்தனை பேர்? தொடச்சொன்ன ஆசிரியர் எத்தனை பேர்? சியரா நெவாடாவில் மறைந்தவரின் பேரர் வாய் திறந்தனர், ஆய்ந்தனர், அரசை அசைத்தனர். சயாமிலிருந்து திரும்பிய பாட்டன் வாழ்ந்த வீட்டில், அவரிடம் ஒரு சொல் கேட்காமலே அவரை எரித்துவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ!

வகுப்பறையில் செய்யத்தக்கது

கௌபாய் படம் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்று கண்டிப்பது ஒருவகை ஆசிரியம். பார்த்தால் பார்க்கட்டும் என்று வாளாவிருப்பது மற்றொரு வகை. இரண்டும் மாணவனைத் திரைக்கு முன் தனியே விட்டுவிடுகின்றன. மூன்றாவது வழி ஒன்று உண்டு. படத்தைப் பார்க்கச் செய்து, பின் கேள்வி கேட்கச் செய்வதே அது. இந்த வண்டி ஓடும் பாதையை இட்டவர் யார்? அவர் படத்தில் எங்கே இருக்கிறார்? இல்லையெனில், அவரை நீக்கியதால் ஊதியம் பெற்றவர் யார்? இம்மூன்று கேள்விகளையும் ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவன் கேட்கப் பழகிவிட்டால், செய்தித்தாளிலும் பாடநூலிலும் மேடைப் பேச்சிலும் அவன் அவற்றைக் கேட்பான். மொழிப்பாடம் என்பது சொல்லையும் இலக்கணத்தையும் கற்பிப்பதோடு முடிவதன்று. சொல்லப்படாததைக் கண்டுகொள்ளும் கண்ணைத் திறப்பதும் அதன் பணியே.

'ஹை நூன்' படத்தின் ஆளற்ற தண்டவாளம் அழகிய காட்சிதான். அதனை மாணாக்கர் சுவைக்கட்டும். சுவைத்தபின், அத்தண்டவாளத்தின் அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். ஒவ்வொன்றையும் ஒரு மனிதன் தோளில் சுமந்து வந்து வைத்தான். அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது.